இருபதாவது கொக்கி

ஒருவரைத் தவிர, அந்தக் கட்டடத்தில் கடை வைத்திருந்த வேறு யாரும் கடைச் சாவியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனதில்லை.

நூறு வருடத்தைத் தாண்டிய கட்டடம். தெருவைப் பார்த்து ஒரே ஒரு பெரிய வாசல். உள்ளே நுழைந்தால் கல் பாவிய முற்றம், முற்றத்தைச் சுற்றிக் கீழே பதினொரு கடைகள், மேலே ஒன்பது. மாடி நடையின் இரும்புக் கம்பிகளில் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும்: குடைக்காரரின் கறுப்புத் துணி, பைண்டரின் பசை தடவிய அட்டைகள், தையல்காரர் நனைத்துப் போட்ட கோட்டுத் துணி. வாசலை ஒட்டி வலப்பக்கம் முதல் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்தினார்கள். அவரைக் கண்ணாடிக்காரர் என்றும் அவளைக் கண்ணாடியம்மா என்றும்தான் எல்லோருக்கும் தெரியும்.

காலை ஏழரைக்கு அவர்கள் கடை திறந்துவிடும். ஆபீசுக்குப் போகிறவர்கள் உடைந்த கண்ணாடியைப் போகிற வழியில் கொடுத்துவிட்டு, திரும்புகிற வழியில் வாங்கிக்கொள்வார்கள். அதனால் முதலில் திறப்பதும் அவர்கள்தான், கடைசியில் சாத்துவதும் அவர்கள்தான். மற்றவர்கள் சாவியை அவர்களிடம் விட்டுப் போகத் தொடங்கியது இயல்பாக நடந்தது. முதலில் ஒருத்தர், பிறகு நாலு பேர், பிறகு எல்லோரும். கண்ணாடிக்காரர் ஒரு பழைய கதவுப் பலகையை அறுத்து, இருபது பித்தளைக் கொக்கிகளை அடித்துச் சுவரில் மாட்டினார். ஏழாம் நம்பர் கடைக்காரனான பைண்டர், புத்தக முதுகுக்கு ஒட்டுகிற சிவப்புத் துணியில் தங்க எழுத்தில் நம்பர் அடித்து ஒவ்வொரு கொக்கிக்கு மேலேயும் ஒட்டினான். ஒன்று முதல் பத்தொன்பது வரை. பலகைக் கணக்கில் கண்ணாடிக் கடைதான் கடைசி, இருபது. பலகையைப் பார்த்துக்கொள்கிறவர் தன் சாவியையே அதில் மாட்ட வேண்டியதில்லை. அது அவர் சட்டைப்பையில் இருந்தது. இருபதாவது கொக்கியில் லென்சு துடைக்கிற மஞ்சள் துணி தொங்கும். ‘இதுக்கு எதுக்கு நம்பர், துணிக்கென்ன வழி தெரியாமப் போயிடுமா?’ என்று பைண்டர் அதை வெறுமையாக விட்டுவிட்டான்.

அந்தப் பலகைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யார் வந்து எந்தக் கடைச் சாவியைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். எதற்கு என்று கேட்கக் கூடாது.

அது சும்மா வந்த சட்டம் இல்லை. பைண்டர் ஒருநாள் அடுப்பில் பசைச் சட்டியை வைத்துவிட்டு, மனைவிக்குப் பிரசவ வலி என்று கேள்விப்பட்டதும் கடையை இழுத்துச் சாத்திவிட்டு ஓடிவிட்டான். பக்கத்தில் பொத்தானும் சரிகையும் விற்கும் பொத்தான் அக்காவின் மூக்குதான் அதைக் கண்டுபிடித்தது. சாவியை எடுத்துப் போய் அவள் திறந்தபோது சட்டியின் அடி சிவந்திருந்தது. குடைக்காரர் கடைக்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டபோது வேளாவேளைக்குப் பால் வைக்க ஆள் மாற்றி ஆள் சாவி எடுத்தார்கள். ஒருமுறை கண்ணாடிக்காரர் ஏதோ நினைப்பில் தையல்காரரிடம் “எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டார். தையல்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. “அப்போ நான் திருடப் போறேன்னு நெனக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு மூன்று நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கண்ணாடியம்மா டீயும் பன்னும் எடுத்துக்கொண்டு மாடியேறிச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அந்தக் கடையில் யாரும் வாயால் எடுத்ததில்லை. முப்பத்தொரு வருடம்.

கட்டடம் ஒரு டிரஸ்டுக்குச் சொந்தம். டிரஸ்டின் மேனேஜர் மாதம் ஒருமுறை வருவார், முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார், போவார். தங்கப் பிரேம் போட்ட கண்ணாடி. அதன் திருகாணி அடிக்கடி தளரும், கண்ணாடியம்மாதான் முறுக்கிக் கொடுப்பாள். சிரித்த முகம். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் மழை நாலு நாளாக விடாமல் அடித்தது. ஐந்தாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். கண்ணாடிக்காரர் மொத்தக் கடையில் லென்சு வாங்கப் போயிருந்தார். மற்ற கடைகள் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கண்ணாடியம்மா மணல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் பிரேமை வளைக்க வேண்டுமானால் சூடான மணலில் அதன் காலைப் புதைக்க வேண்டும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது எண்ணுவதற்குள் எடுத்தால் வளையாது, ஒடியும். முப்பதைத் தாண்டினால் கொப்புளம் போட்டுவிடும். இடையில் தலையைத் திருப்ப முடியாது. ஒரு பள்ளிக்கூட டீச்சரின் பிரேம் அது. பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா, மேல கூரை பூராவும் ஊறிப்போச்சு. ஒவ்வொரு கடையா உள்ள போயிப் பாக்கணும். சாவி வேணும்.”

குரலிலேயே மேனேஜர் என்று தெரிந்தது. பதினாலு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

“எடுத்துக்கோங்க சார்.”

“எல்லாத்தையும் எடுத்துக்கட்டுமா?”

“எது வேணுமோ எடுத்துக்கோங்க. போர்டு அங்கதான் இருக்கு.”

“ஒரு மணி நேரத்துல திருப்பிக் குடுத்துடறோம்.”

“சரி சார்.”

கொக்கியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிற சத்தம் கேட்டது. பின்னால் இரண்டு ஜோடி பூட்ஸ் ஈரத்தோடு நடந்தன. இருபத்தாறில் பிரேமை எடுத்து, துணியால் பிடித்து வளைத்து, குளிர்ந்த நீரில் முக்கினாள். சரியான வளைவு. அதைத் தூக்கிப் பார்த்து அவளே திருப்திப்பட்டுக்கொண்டாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பலகையில் மஞ்சள் துணி மட்டும் தொங்கியது.

முற்றத்தின் நாலு பக்கத்திலிருந்தும் தட்டும் சத்தம் வந்தது. கூரையைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்து அடுத்த பிரேமை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பதேகாலுக்குப் பொத்தான் அக்கா நனைந்துகொண்டு ஓடி வந்தாள்.

“என்னடி இது, எங்கடையில வேற பூட்டு தொங்குது? கொண்டி புதுசா அடிச்சிருக்கான்! உள்ள யாருடி செத்துட்டாங்க?”

அரை மணி நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. பத்தொன்பது கடைக் கதவிலும் ஒரே மாதிரி புதுப் பூட்டு. மேனேஜர் குடைக்குக் கீழே நின்று ஒரு காகிதத்தைப் படித்தார். கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறதாம். பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி உடனே மூடப்படுகிறதாம். சரக்கையெல்லாம் டிரஸ்டின் செலவில் கிடங்குக்கு அனுப்புவார்களாம். வாசலில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் மழைக்கோட்டோடு நின்றார்கள். கூரை ஊறியது உண்மையாக இருக்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்கு ஊறிய கூரைக்குப் பத்தொன்பது புதுப் பூட்டும், கொண்டியும், போலீசும், அச்சடித்த காகிதமும் எப்படி எட்டரைக்குள் தயாராகும் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தலையில் அடி விழுந்தவன், அடித்த கம்பு எந்த மரத்தது என்று பார்ப்பானா?

பைண்டர்தான் முன்னால் வந்தான்.

“எங்க சாவி உங்க கைக்கு எப்படி சார் வந்துச்சு?”

மேனேஜருக்குச் சிரிப்புக் குறையவில்லை. “என்னப்பா இப்படிக் கேக்கற? நீங்கதான குடுத்தீங்க. வாசக் கடையில முறையாக் கேட்டு வாங்கினோம். சாவியக் குடுத்தா எடத்தக் குடுத்ததுதான். சட்டமே அதான்.”

எல்லாத் தலையும் வாசல் கடைப் பக்கம் திரும்பியது.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாடிக்காரர் உள்ளே வந்தார். லென்சுப் பொட்டலம் நனையாமலிருக்கச் சட்டைக்குள் விட்டுக் கையால் அணைத்துப் பிடித்திருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பலகையைப் பார்த்தார். “கூரை ஒழுகுதுன்னாங்க…” என்று அவள் வாயைத் திறந்தாள்.

“நான்தான் குடுத்தேன்” என்றார் அவர்.

“நீங்களா அண்ணே?”

“கூரை ஒழுகுதுன்னாங்க. குடுத்தேன்.”

“ஒழுகுதுன்னா எங்களக் கூப்பிட்டுக் காட்டச் சொல்றதுதான? பத்தொம்பது பேர் பொழப்ப ஒரே அள்ளா அள்ளிக் குடுப்பீங்களா?” பைண்டர் பலகையைக் கை காட்டிக் கேட்டான். பிறகு, திரும்ப எடுக்க முடியாத அந்த வார்த்தையைச் சொன்னான். “என்ன வாங்கினீங்க அவங்ககிட்ட?”

கண்ணாடிக்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜருக்குத் தெரியும், யார் கொடுத்தது என்று. இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கடை கண்ணாடிக்காரரின் பெயரில் இருந்தது. கடைக்காரர்களில் மூத்தவரும் அவர்தான். அவர் கொடுத்ததாக இருப்பதுதான் டிரஸ்டுக்கு வசதி. அதனால் மேனேஜர் தன் கண்ணாடியைக் கழற்றி, மழைத்துளியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மத்தியானத்துக்குள் அவர்களையும் வெளியேறச் சொன்னார்கள். லென்சு தேய்க்கும் கல்லையும் மணல் தட்டையும் மட்டும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். பலகை சுவரிலேயே தங்கிவிட்டது. கண்ணாடிக்காரர் கடையைப் பூட்டினார். மேனேஜர் கையை நீட்டினார்.

“இது போர்டுல இருந்த சாவி இல்ல சார். இது என்னோடது” என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மறுநாள் டிரஸ்டு ஆட்கள் அந்தப் பூட்டை அறுத்ததாகக் கேள்வி.

அதன் பிறகு அவர் பதினாலு மாதம் இருந்தார். வீட்டின் பின்கட்டில் தேய்க்கும் கல்லைப் போட்டார். பழைய வாடிக்கையாளர்களில் பத்துக்கு ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார்கள். தினமும் காலை ஏழேகாலுக்கு எழுந்து அந்தத் தெருவரை போவார். கட்டடத்தைச் சுற்றி அடித்திருந்த தகர வேலிக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். வேலியோரம் பிளாட்பாரத்தில் துணி விரித்துப் பொத்தான் விற்கும் பொத்தான் அக்கா ஒரு வார்த்தை பேசுவாள். பைண்டர் எதிரில் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவான்.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?” என்று கண்ணாடியம்மா ஒருநாள் கேட்டாள். அவர் லென்சைக் கல்லில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக் குழம்பு நகக்கண்ணில் ஏறியிருந்தது.

“நீ சொல்லியிருந்தா அவன் உன்னத் திட்டியிருப்பான். நான் அவன அடிச்சிருப்பேன். அதுக்கு இது பரவால்ல.”

“நான் திரும்பிக்கூடப் பாக்கலங்க. பிரேம் மணல்ல இருந்துச்சு.”

“நான் இருந்திருந்தாலும் குடுத்திருப்பேன். நம்ம பழக்கம் அது. அவனுங்களுக்கு அது நல்லாத் தெரியும், அதான் அந்த நேரத்துக்கு வந்தானுங்க.”

பொத்தான் அக்காவும் பதினோரு பேரும் சேர்ந்து கேஸ் போட்டிருந்தார்கள். வக்கீல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: எல்லா முடிச்சும் அந்தச் சாவியில்தான் இருக்கிறது. கூரையைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்தது என்றால் கடைக்காரர்களுக்குத் திரும்பிப் போக வழி உண்டு. மனமொப்பி ஒப்படைத்தது என்றால் இல்லை. சொல்ல வேண்டியவர் கண்ணாடிக்காரர். “சொல்றேன்” என்றார் அவர். மனைவியிடம், “ஒழுகுதுன்னு கேட்டாங்க, குடுத்தோம்னு சொல்லப்போறேன். அதுல எது பொய்? யார் கைங்கறது மட்டும்தான” என்றார்.

விசாரணைக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே விழுந்துவிட்டார்.

அவரை எடுத்துக்கொண்டு போகும்போது தெருமுனை விளக்குக் கம்பத்தில் சாய்ந்து பைண்டர் நின்றதை அவள் பார்த்தாள். அதற்கு மேல் அவன் கால் வரவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

டிரஸ்டின் வக்கீல் உடனே ஒரு காகிதம் தாக்கல் செய்தார். கடைக்காரர்களின் சார்பில் மூத்தவரான கண்ணாடிக் கடைக்காரர், எல்லாச் சாவிகளையும் தாமே திரட்டி மனமுவந்து ஒப்படைத்தார் என்று. செத்தவன் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். இறக்கிவைக்க அவன் வரமாட்டான்.

சொல்ல வேண்டியது இனி தன் வேலை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஒவ்வொரு முறையும் பொத்தான் அக்காவின் பிளாட்பாரம்வரை போவாள். வாய் வராது. சொன்னால், பதினாலு மாதம் அவர் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் அவள்தான் சொந்தக்காரி என்றாகும். இத்தனை நாள் அவரைச் சுமக்கவிட்டுச் சும்மா இருந்தவள் என்றாகும். அரை டஜன் பொத்தான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். வீட்டில் ஒரு டப்பா நிறையப் பொத்தான் சேர்ந்துவிட்டது.

விசாரணை வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப்போக, இப்படியே ஒரு வருடம் போனது. ஒருநாள் பத்து மணிக்கு ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். கண்ணாடியம்மாவின் மகள் வயசு. கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம், திறப்பு விழாவாம். முன்னாள் கடைக்காரர்களைப் பற்றி ஒரு கண்காட்சியும் உண்டாம், அதை வைக்கிற பொறுப்பு அவளுடையதாம்.

“உங்க கடைதாம்மா கண்காட்சியோட முதல் அறை. அந்தச் சாவிப் பலகைய அப்படியே வெச்சிருக்கோம். பாத்தா அழுதுடுவீங்க.”

“அழ வெக்கறதுக்கா கூப்பிடறீங்க?”

அந்தப் பெண் சிரித்தாள், நல்ல பெண்தான். “இல்லம்மா. ஒரு சின்ன நிகழ்ச்சி. ஐயா அன்னைக்குச் சாவிகள ஒப்படைச்சாங்கல்ல, அதே மாதிரி நீங்க மேடையில டிரஸ்டு சேர்மன் கையில ஒரு சாவியக் குடுக்கணும். அடையாளமா. போட்டோ எடுப்பாங்க. பழைய கடைக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம்.”

ஒரு அட்டையை நீட்டினாள். கண்ணாடியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். ‘கட்டடத்தைக் காக்க வேண்டும் என்ற பெருமனத்துடன், கடைக்காரர்கள் அனைவரும் தங்கள் சாவிகளை மகிழ்ச்சியோடு திரட்டித் தந்தனர். கண்ணாடிக் கடைக்காரர் தம் கையாலேயே இருபது சாவிகளையும் ஒப்படைத்தார்.’

“இருபதா?” என்றாள்.

“ஆமாம்மா. இருபது கடைதான?”

“யார் எழுதினது இது?”

“மேனேஜர் சார் குடுத்த குறிப்பு. நான் கொஞ்சம் அழகுபடுத்தினேன்.”

அந்தப் பெண் போன பிறகு மகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

“நீ போகாதம்மா. கோர்ட்டுல கேஸ் நடக்குதுல்ல, அதுக்குத்தான் இந்தக் கூத்து. உன் கையாலயே குடுக்க வெச்சு போட்டோ புடிச்சு அங்க கொண்டுபோய் நீட்டுவாங்க. பூட்டினது போதாதுன்னு மாலையும் போடறானுங்களா?”

“மகிழ்ச்சியோடன்னு எழுதியிருக்கான்டி.” கண்ணாடியம்மா அட்டையை மகளிடம் நீட்டினாள். “உங்கப்பா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடாம இந்த மூலையில உக்காந்திருந்தாரு. சட்டை காயற வரைக்கும் அசையல. மகிழ்ச்சியாம்.”

“அதனாலதான் சொல்றேன், போகாத.”

“போறேன்” என்றாள். உள்ளே போய் அலமாரியைத் திறந்து, அவருடைய சட்டைகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கட்டடத்துக்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்தார்கள். முற்றத்துக் கல்லை முகம் தெரிகிற அளவுக்கு வழித்துப் பளபளப்பாக்கியிருந்தார்கள். இரண்டு பேர் வழுக்கி விழுந்ததைக் கண்ணாலேயே பார்த்தாள். பைண்டர் கடை இருந்த இடத்தில் காபிக் கடை. பொத்தான் அக்காவின் இடத்தில் நினைவுப்பொருள் கடை. அங்கே தொங்கிய துணிப்பை ஒவ்வொன்றிலும் பொத்தான் அக்காவின் பழைய கடை ஓவியமாக அச்சாகியிருந்தது. பொத்தான் அக்கா இடுப்பில் கைவைத்து அதன் முன்னால் நின்றாள்.

“பாத்தியாடி, என்னப் பை மேல போட்டு விக்கறான். நெசப் பொத்தான் நான் வெளிய வெயில்ல விக்கறேன். இந்தப் பைக்குப் பொத்தானே கிடையாது, பாரு.”

பழைய கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். பைண்டர் தூணோரம் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

வாசல் கடைக்குள் பலகை இருந்தது. மேலிருந்து விளக்கு. தொட வேண்டாம் என்று ஒரு சிறிய அட்டை. கண்ணாடியம்மா கிட்டே போய் முகத்தை வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று… பைண்டரின் சிவப்புத் துணி நம்பர்கள் கொஞ்சம் மங்கியிருந்தன. எல்லாச் சாவியும் அதனதன் இடத்தில் இருந்தது. துரு, தேய்மானம், குடைக்காரர் கட்டிய நூல் உட்பட. இருபதாவது கொக்கியில் ஒரு பெரிய சாவி. பழசு போலத் தோன்றுவதற்காக அதற்குக் கறுப்புப் பூசியிருந்தார்கள். மேலே காகிதத்தில் ‘20’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தது.

இதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பூட்டியதைப் பொறுத்தாள். காகிதம் போட்டதைக்கூடப் பொறுத்தாள். அவர் கொடுக்க மறுத்த ஒரே சாவியையும் கொடுத்ததாகச் செய்து மாட்டிவைத்திருந்தார்கள்.

முற்றத்தில் போட்டிருந்த மேடையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். சேர்மன் வயதானவர், காது கொஞ்சம் மந்தம்; கூப்பிய கையோடு நின்றார். மேனேஜர் பலகையைத் தூக்கிவரச் சொல்லி மேடையில் சாய்த்துவைத்தார்.

“எந்தச் சாவி வேணும்னாலும் எடுத்துக் குடுங்கம்மா. ஐயா அன்னைக்குக் குடுத்த மாதிரியே” என்றார். அதே சிரித்த முகம்.

கண்ணாடியம்மா மைக்கின் முன்னால் போய் நின்றாள். குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“அன்னைக்கு அவர் குடுக்கல. நான் குடுத்தேன்.”

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அந்தக் கண்காட்சிப் பெண் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள்.

“அவர் கடையிலயே இல்ல. லென்சு வாங்கப் போயிருந்தாரு. மேனேஜர் சார் காலைல எட்டு மணிக்கு வந்து, கூரை ஒழுகுது, உள்ள பாக்கணும், ஒரு மணி நேரத்துல திருப்பித் தரேன்னாரு. பிரேம் மணல்ல இருந்துச்சு, நான் தலையக்கூடத் திருப்பாம எடுத்துக்கோங்கன்னேன். எங்க எடத்துல எதுக்குன்னு கேக்கற பழக்கம் இல்ல. அது சாருக்கும் தெரியும். யார் குடுத்தாங்கங்கறதும் தெரியும். என்ன சார், தெரியுமா தெரியாதா?”

“அம்மா, இது அதுக்கான எடம் இல்ல” என்றார் மேனேஜர்.

“இதுதான் சார் எடம். இங்கதான் கேட்டீங்க.” அவள் முற்றத்தைப் பார்த்துத் திரும்பினாள். “என்னத் திட்டக் கூடாதுன்னு அவர் மேல போட்டுக்கிட்டாரு. அவர் சாகற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. செத்த பெறகும் ஒரு வருஷம் தொறக்கல. அது என் தப்பு. என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா மகிழ்ச்சியோட குடுத்தாருன்னு மட்டும் எழுதாதீங்க.”

கைப்பையைத் திறந்தாள். ஒரு சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினாள். சின்னச் சாவி, சட்டைப்பையில் கிடந்து கிடந்து விளிம்பெல்லாம் மழமழவென்று தேய்ந்தது.

“இது எங்க கடைச் சாவி. இருபதாம் நம்பர். இது ஒருநாளும் அந்தப் பலகையில தொங்கினதில்ல. கட்டடத்த மனசாரக் குடுக்கறவர் மத்தவங்க சாவியெல்லாம் குடுத்துட்டுத் தன் சாவிய மட்டும் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்கு வருவாரா? நீங்க அறுத்த பூட்டுக்கு இதுதான் சார் சாவி.”

பைண்டர் தூணை விட்டு நகர்ந்து வந்தான். மேடையேறினான். யாரும் தடுக்கவில்லை. பலகையின் முன்னால் குந்தி, இருபதாவது கொக்கியின் காகிதத்தை நகத்தால் சுரண்டினான். அடியில் வெறும் மரம்.

“நான் பத்தொம்பதுதான் ஒட்டினேன்” என்றான். கூட்டத்துக்குச் சொல்கிறானா தனக்கே சொல்லிக்கொள்கிறானா தெரியவில்லை. “இருபதுல துணி தொங்கும். நான்தான் நம்பர் வேணாம்னேன்.”

பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “அண்ணன் ஏன் அண்ணி எங்கிட்டச் சொல்லல?”

“நீ என்னத் திட்டுவன்னுதான்.”

திட்டியிருப்பான்; அது அவனுக்கே தெரியும்.

“பதினேழாம் தேதி விசாரணை” என்றாள் அவள். “கூண்டுல ஏறி இதையே சொல்றேன். வக்கீல்கிட்டச் சொல்லிடு.”

“சொல்றேன் அண்ணி.”

அவள் இருபதாவது கொக்கியிலிருந்த கறுப்புச் சாவியை எடுத்து மேனேஜரின் கையில் வைத்தாள். “இந்தாங்க. இது உங்களோடது. இது எங்க யார் கடையையும் தொறக்காது.”

ஏழாம் நம்பர் சாவியை எடுத்துப் பைண்டரிடம் கொடுத்தாள். அதற்குள் பொத்தான் அக்கா மூச்சு வாங்க மேடையேறி எட்டாம் நம்பரைத் தானே எடுத்துக்கொண்டாள். பின்னாலேயே குடைக்காரர், தையல்காரர். அந்தச் சாவிகள் எந்தக் கதவையும் திறக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கதவுகளே புதுசு. ஆனாலும் ஒவ்வொருத்தராக வந்து எடுத்துக்கொண்டார்கள்.

சேர்மன் ஒன்றும் புரியாமல் கூப்பிய கையை இறக்காமல் நின்றார். மேனேஜரின் சிரிப்பு முதல்முறையாகக் கழன்றிருந்தது.

“என்ன இது? கண்காட்சிப் பொருள் இதெல்லாம். இப்ப எதுக்கு எடுக்கறீங்க?” என்று குரலை உயர்த்தினார்.

பொத்தான் அக்கா திரும்பிப் பார்த்தாள்.

“எதுக்குன்னு கேக்கக் கூடாது சார்” என்றாள். “இந்தக் கட்டடத்துல அதான் பழக்கம்.”

கண்ணாடியம்மா தன் கண்ணாடியைக் கழற்றிப் பையிலிருந்த மஞ்சள் துணியால் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். துணியை இருபதாவது கொக்கியில் மாட்டிவிட்டு, படியைப் பார்த்துப் பார்த்து மேடையிலிருந்து இறங்கினாள்.